சிமியோனே: அட்லெட்டிகோவுக்கு முந்தைய ஆறு வருடங்கள்

நடுக்களம்:

அர்ஜென்டினாக்காரரான கால்பந்து கோச் டியேகோ சிமியோனே பற்றி யார் பேச்செடுத்தாலும் கதை 2011 டிசம்பரில்தான் தொடங்குகிறது. அட்லெட்டிகோ மாட்ரிட் லீக்கில் பத்தாவது இடம், மூன்றாம் நிலை அணியான அல்பசெட்டேவிடம் ஸ்பெயின் கோப்பையான கோப்பா டெல் ரேயில் தோல்வி, கோச் மான்சானோ நீக்கம், கருப்புச் சட்டைக்காரர் சிமியோனே வருகை, அப்புறம் எல்லாமே ஏறுமுகம். நல்ல கதைதான். ஆனால் மாட்ரிட்டில் வந்து இறங்கியபோது அவர் புதுமுகப் பயிற்சியாளர் இல்லை. அர்ஜென்டினாவில் இரண்டு லீக் பட்டங்கள், ஒரு படுமோசமான கடைசி இடம், இத்தாலியில் ஒரு மீட்பு வேலை என்று ஆறு வருடம் அடிபட்டு வந்தவர். அந்த ஆறு வருடத்தைப் பற்றித் தமிழில் யாரும் எழுதிப் பார்த்ததில்லை. அதனால் இந்த இழை.

2006 பிப்ரவரி. 35 வயது. அவெயனெடாவில் ராசிங் கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்தார். சிறுவயதில் அவர் ஆதரித்த அணியும் அதுவே. காலணியைக் கழற்றிய கையோடு அதே அணிக்குக் கோச். இடையில் உதவிப் பயிற்சியாளர் வேலை, இளையோர் அணி என்று எந்தப் படியும் கிடையாது. நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்து சட்டை மாற்றிய ஆட்களை இன்று அணியிலிருந்து நீக்க வேண்டும்.

சில மாதங்களில் லா பிளாட்டா நகரத்து எஸ்டுடியாண்டஸ். அந்த 2006 அபெர்துரா (ஒரு சீசனில் நடக்கும் இரண்டு அரைவருட லீக் போட்டிகளில் ஒன்று; மற்றது கிளௌசுரா) பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். பட்டத்துக்குக் கடைசி இரண்டு ஆட்டங்களில் போகா ஜூனியர்ஸுக்கு ஒரே ஒரு புள்ளி போதும். தொடர்ந்து மூன்றாவது பட்டம், அதுவரை போகா செய்யாத சாதனை. இரண்டிலும் தோற்றார்கள், பெல்கிரானோவிடம் ஒன்று, லானுஸிடம் ஒன்று. எஸ்டுடியாண்டஸ் இரண்டிலும் ஜெயித்து 44 புள்ளிகளில் வந்து நின்றது. சமநிலை என்பதால் தனியாக ஒரு முடிவாட்டம், டிசம்பர் 13, வேலெஸ் மைதானத்தில். சிமியோனே ஆட்டக்காரராகத் தொடங்கிய கிளப்பின் மைதானம். ஆரம்பத்திலேயே போகாவின் பலேர்மோ கோல் அடித்துவிட்டார். இரண்டாம் பாதியில் ஹோசே சோசாவின் ஃப்ரீகிக், பிறகு 80வது நிமிடத்தில் பவோனே. 2-1. 1983க்குப் பிறகு எஸ்டுடியாண்டஸுக்கு முதல் லீக் பட்டம். கோச்சுக்கு முதல் வருடம்!

சோசா, பவோனே என்ற இரண்டு பெயர்களையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருவார்கள்.

ஆன்ஃபீல்ட்ஆறு:

அண்ணே, அது சரி, ஆனால் அந்த அணியில் வெரோன் இருந்தாரே. ஐரோப்பாவெல்லாம் சுற்றிவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பியவர். அவர் இருந்தால் நானே கோச்சாக இருந்தாலும் கப் வந்திருக்கும்.

பழையகாலணி:

வெரோன் பெயரைச் சொன்னதால் ஒன்று. 1999-2000 சீசனில் ரோம் நகரத்து லாசியோ அணியில் இரண்டு பேரும் ஒன்றாக ஆடினார்கள். ஏப்ரல் 1 அன்று டுரினில் யுவெண்டஸுக்கு எதிராக ஒரே கோல்: வெரோன் தூக்கிக் கொடுத்தார், சிமியோனே தலையால் அடித்தார். பட்டப் போட்டி அங்கேதான் உயிர்பெற்றது. கடைசி நாளில் ரெஜ்ஜினாவை 3-0 என்று முடித்துவிட்டு லாசியோ காத்திருந்தது. பெருஜியாவில் கொட்டிய மழையால் யுவெண்டஸ் ஆட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுபோயிருந்தது. ரோமில் ரசிகர்கள் மைதானத்துக்குள்ளேயே இறங்கி ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பெருஜியாவின் கலோரி அடித்தார், யுவெண்டஸ் தோற்றது, லாசியோ சாம்பியன். அன்று ரெஜ்ஜினாவுக்கு எதிரான மூன்றாவது கோலும் சிமியோனேவுடையதுதான்.

அந்த அணியைப் பாருங்கள்: மன்சினி, சிமோனே இன்சாகி, மிகைலோவிச், கொன்செய்சாவோ, அல்மெய்டா, நெஸ்டா. எல்லாரும் பின்னால் கோச் ஆனார்கள். அப்போதைய கோச் எரிக்சன் பாவம், டிரெஸ்ஸிங் ரூமில் இத்தனை மேனேஜர்களை வைத்துக்கொண்டு எப்படித்தான் சமாளித்தாரோ.

மிட்நைட்கிக்ஆஃப்:

பெக்கம் விஷயத்தை யாராவது சொல்லித்தானே ஆகணும்? நானே சொல்லிவிடுகிறேன். 1998 உலகக் கோப்பை, செயின்ட் எட்டியென், அர்ஜென்டினா-இங்கிலாந்து ஆட்டம். பின்னாலிருந்து இடித்தவர் சிமியோனே. குப்புற விழுந்து கிடந்தபடி காலைத் தூக்கியவர் பெக்கம். அது பட்ட மாதிரியும் படாத மாதிரியும் இருக்க, மரம் சாய்வதுபோல் சாய்ந்தவர் மறுபடியும் சிமியோனே. நடுவர் நீல்சன் பெக்கமுக்கு ரெட் காட்டினார், இவருக்கு மஞ்சள். தான் அதைப் பெரிதாக்கிக் காட்டியதைப் பின்னால் அவரே ஒப்புக்கொண்டார். எனக்கு இந்த மனிதரைப் பிடிக்காமல் போன இடம் அது.

பழையகாலணி:

அதே ஆட்டத்தில் ஆறாவது நிமிட பெனால்டியை மறந்துவிடுகிறார்கள். இங்கிலாந்து கோல்கீப்பர் சீமன் மோதியது சிமியோனே மீதுதான், பதிஸ்துதா உள்ளே அடித்தார். ஒரே ஆட்டத்தில் ஒரு பெனால்டி, ஒரு ரெட் கார்டு, இரண்டையும் சம்பாதித்துக் கொடுத்த நடுக்கள வீரர். பிடிக்காமல் போகட்டும் தம்பி, ஆனால் இப்படி ஒருவர் எதிரணியில் இருந்தால் பிடிக்காது, நம் அணியில் இருந்தால் விடமாட்டோம்.

2002 மே 5ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்டர் மிலானுக்கு ஜெயித்தால் பட்டம். லாசியோ 4-2 என்று கெடுத்தது. லாசியோவை முன்னே கொண்டுபோன மூன்றாவது கோல் யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. 1998இல் யூஏஃபா கோப்பையை ஜெயித்துக் கொடுத்த தன் பழைய கிளப் என்பதால் கொண்டாடவே இல்லை.

ஆன்ஃபீல்ட்ஆறு:

சரி சரி, ஆட்டக்காரர் கதை வேண்டாம், இழை கோச் பற்றியது. அந்தக் கடைசி இடம் எங்கே? ரிவர் பிளேட் தானே?

நடுக்களம்:

ஆமாம், வருகிறேன்.

2007 டிசம்பரில் எஸ்டுடியாண்டஸை விட்டு ரிவருக்குப் போனார். கையில் இருந்த ஆட்களைப் பாருங்கள்: ஒர்டேகா, பால்காவ், உதினேஸேயிலிருந்து கடனாக வந்த பத்தொன்பது வயது அலெக்சிஸ் சான்செஸ், அப்ரேயு, புவனனோட்டே. அந்த வருட லிபெர்தடோரஸில் (தென் அமெரிக்க கிளப்புகளின் பெரிய கோப்பை) சான் லொரென்சோவுக்கு எதிராக ரிவரின் மொனுமென்டல் மைதானத்தில் இரண்டாவது ஆட்டம். ரிவர் 2-0 முன்னிலை. எதிரணியில் இரண்டு பேர் ரெட் கார்டில் வெளியே, ஒன்பது பேர்தான் மைதானத்தில். அங்கிருந்து பெர்ஹெஸ்ஸியோ இரண்டு கோல் அடித்து 2-2 ஆக்கிவிட்டார். இரண்டு ஆட்டங்களையும் கூட்டினால் ரிவர் வெளியே. சொந்த மைதானத்தில், ஒன்பது பேருக்கு எதிராக! அந்த இரவோடு வேலை போயிருக்க வேண்டும். போகவில்லை. அடுத்த மாதம் அதே அணி கிளௌசுரா பட்டம் வென்றது.

அடுத்த ஆறு மாதத்தில் நடந்ததுதான் விசித்திரம். அலெக்சிஸ் உதினேஸேவுக்குத் திரும்பினார். கோல்கீப்பர் கரிஸ்ஸோ லாசியோவுக்குப் போனார். ஒர்டேகா மெண்டோசாவில் ஒரு இரண்டாம் நிலை அணிக்குக் கடனாக அனுப்பப்பட்டார். 2008 அபெர்துராவில் ரிவர் 19 ஆட்டங்களில் 14 புள்ளிகளோடு இருபதாவது இடம். கிளப் வரலாற்றிலேயே முதல் முறையாகக் கடைசி. இன்னொரு கண்டக் கோப்பையான சுதமெரிகானாவில் மெக்ஸிகோவின் சீவாஸ் அணியிடம் தோற்றதும் நவம்பரில் சிமியோனே ராஜினாமா. சீசன் முடியும்வரை அவர் இருக்கவில்லை என்பது உண்மை. ஆனால் சரிவு அவர் கையில்தான் நடந்தது.

வலைகாப்பான்:

இதன் மிச்சத்தையும் சொல்லுங்கள். அர்ஜென்டினாவில் அப்போது ஒரு சீசன் மோசமானால் உடனே கீழே போகமாட்டார்கள். மூன்று சீசன் புள்ளிகளைக் கூட்டி, ஆடிய ஆட்டங்களால் வகுத்து, அந்தச் சராசரியில்தான் தரமிறக்கம். பெரிய கிளப்புகள் ஒரு கெட்ட வருடத்தில் விழாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு என்று எல்லாரும் சொல்வார்கள். 2010-11 கணக்கில் 2008-09, 2009-10, 2010-11 மூன்றும் சேரும். அதாவது சிமியோனேவின் அந்த 14 புள்ளி அபெர்துராவும் உள்ளே வருகிறது. 2011 ஜூனில் ரிவர் பெல்கிரானோவிடம் பிளே-ஆஃப் தோற்று, வரலாற்றில் முதல் முறையாக இரண்டாம் நிலைக்குப் போனதே, அதில் இந்த மனிதருக்கும் ஒரு பங்கு உண்டு. அவர் கிளப்பை விட்டுப் போய் இரண்டரை வருடம் கழித்து.

நடுக்களம்:

அதைத்தான் எதிர்பார்த்தேன், நன்றி. அந்த பிளே-ஆஃப் இரண்டாம் ஆட்டத்தில் ரிவருக்கு முதலில் கோல் அடித்தவரும், பிறகு பெனால்டியைத் தவறவிட்டவரும் ஒரே ஆள்: மரியானோ பவோனே. 2006இல் சிமியோனேவுக்கு முதல் பட்டத்தைக் கொடுத்த அதே கால்.

ஆன்ஃபீல்ட்ஆறு:

அடப்பாவி.

மிட்நைட்கிக்ஆஃப்:

இது பின்னாலிருந்து கதை கட்டுவது. பதினான்கு புள்ளிக்கு அவர் பொறுப்பு என்றால், மீதி ஐந்து போட்டிகளுக்கு வந்து போன மற்ற கோச்சுகள்? நிர்வாகம்? கடன்? ரிவரைக் கவிழ்த்தது நிர்வாகம்தான்.

வலைகாப்பான்:

முழுப் பழியையும் அவர்மேல் போடவில்லையே. ஒரு பங்கு என்றேன்.

நடுக்களம்:

அப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2009 ஏப்ரலிலிருந்து ஒரு வருடம் சான் லொரென்சோ. அங்கே சொல்ல ஒன்றுமில்லை. அதன்பின் கிட்டத்தட்ட ஒன்பது மாதம் வேலையே இல்லை.

2011 ஜனவரி, சிசிலியின் கட்டானியா. கோச் ஜம்பாவ்லோவுக்குப் பதிலாக சீசன் நடுவில் வந்தார். அது பாதி அர்ஜென்டினா அணி: மாக்ஸி லோபெஸ், ‘பாப்பு’ கோமெஸ், சில்வெஸ்த்ரே, ஸ்பொல்லி. கோல்கீப்பர் அந்துஹார், எஸ்டுடியாண்டஸில் அவருடைய சாம்பியன் கோல்கீப்பர். அதே மாதம் கடனாக வந்து சேர்ந்த முன்கள வீரர் யார் தெரியுமா? பெர்ஹெஸ்ஸியோ. மூன்று வருடம் முன்பு ஒன்பது பேரோடு நின்று இவரை அழவைத்த அதே ஆள். ஏப்ரலில் சிசிலி டெர்பியில் பலெர்மோவை 4-0 என்று அடித்தார்கள், பெர்ஹெஸ்ஸியோவும் அதில் ஒரு கோல் போட்டார். 46 புள்ளிகளோடு 13வது இடம். காப்பாற்ற வந்தவர் வசதியாகவே காப்பாற்றினார்.

பிறகு மறுபடி ராசிங். 2011 அபெர்துராவில் இரண்டாவது இடம். போகா ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் பட்டம் வாங்கியதால் இரண்டாவது இடத்தை யாரும் பார்க்கவில்லை. கோல் வாங்காத அணி, டிராக்கள் நிறைய. அடுத்த வருடங்களில் மாட்ரிட்டில் நாம் பார்த்த அணியின் முதல் நகல் அதுதான் என்பது என் எண்ணம்.

நான் சொல்ல வருவது இது. எஸ்டுடியாண்டஸில் ஜெயித்தவர், ரிவரில் ஜெயித்து ஆறே மாதத்தில் அணி கையை விட்டுப் போனதைப் பார்த்தவர். அதற்குப் பிறகு அவருடைய எந்த அணியும் வெற்றிக்கு அடுத்த சீசனில் அப்படிச் சிதறவில்லை. 2014 பட்டத்துக்குப் பிறகு டியேகோ கோஸ்டா, கூர்த்துவா, பிலிப்பே லூயிஸ் மூன்று பேரும் ஒரே கோடையில் செல்சியில். அணி மூன்றாவது இடத்தில் முடித்தது. ரிவரில் முடியாதது இங்கே முடிந்தது.

மிட்நைட்கிக்ஆஃப்:

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. அர்ஜென்டினாவில் அப்போது ஒரு போட்டி 19 ஆட்டம். ஆறு மாதத்துக்கு ஒரு சாம்பியன். வேகமும் வெறியும் இருந்தால் 19 ஆட்டம் ஓட்டிவிடலாம், ஆறு மாதத்தில் அது தீர்ந்தும் போகும். ரிவரில் நடந்தது அதுதான். சிமியோனே பாடம் கற்கவில்லை, போட்டி முறை மாறியது. ஸ்பெயினில் 38 ஆட்டம், கையில் நேரம், பக்கத்தில் உடற்தகுதிப் பயிற்சியாளர் ‘புரோஃபே’ ஒர்டேகா (ரிவரில் ஆடிய ஒர்டேகா வேறு). சீசனுக்கு முன்னால் செகோவியா மலையில், லாஸ் ஏஞ்சலெஸ் தே சான் ராஃபேலில், கோல்ஃப் மைதானத்துச் சரிவில் மேலும் கீழும் ஓடவிட்டுப் பிழிந்து எடுப்பாரே, அந்த மனிதர்தான் அணியை மே மாதம்வரை நிற்கவைத்தவர்.

நடுக்களம்:

ஒர்டேகா ராசிங், எஸ்டுடியாண்டஸ், ரிவர் காலத்து ஆள் தம்பி. மாட்ரிட்டில் திடீரென்று முளைக்கவில்லை.

பழையகாலணி:

இரண்டு பேரும் பில்லார்தோவை விட்டுவிட்டீர்கள். 1988இல் சிமியோனேவைத் தேசிய அணியில் முதலில் ஆடவைத்தவர் பில்லார்தோ. 1992இல் செவியாவில் மரடோனாவோடு அவரையும் வைத்து ஆடியவர் பில்லார்தோ. அந்த பில்லார்தோ எஸ்டுடியாண்டஸ் தயாரிப்பு. ஒஸ்வால்தோ சுபெல்தியாவின் கீழ் 1968, 69, 70 என்று மூன்று லிபெர்தடோரஸ் வென்ற அணியில் ஆடியவர். எதிரணியை நுணுக்கமாகப் படிப்பது, கார்னரையும் ஃப்ரீகிக்கையும் மணிக்கணக்கில் பயிற்சி செய்வது, அழகைவிட முடிவு முக்கியம் என்பது எல்லாம் லா பிளாட்டாவின் சொத்து. சிமியோனேவின் முதல் பட்டம் அங்கே வந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இன்னொரு பக்கம், 1998க்குப் பிறகு தேசிய அணியில் அவருக்குக் கோச் பியெல்சா. முற்றிலும் எதிர்ப் பள்ளி. 2012 மே மாதம் புக்கரெஸ்டில் யூரோப்பா லீக் இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவர் அத்லெட்டிக் பில்பாவோ கோச் பியெல்சா. பால்காவ் இரண்டு, பிரேசில்காரர் டியேகோ ஒன்று, 3-0. குரு ஆட்டத்தைத் தன் கைக்குள் வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்க, சிஷ்யன் ஏழாவது நிமிடத்திலேயே முடித்துவிட்டான். அந்த பால்காவும் ரிவர் காலத்து ஆள்தான்.

ஆன்ஃபீல்ட்ஆறு:

எல்லாம் சரி, பார்க்க போரடிக்குமே! இரண்டு வரிசையாக நான்கு நான்கு பேர், பெட்டிக்கு முன்னால் பூட்டுப்போட்டு நிற்பது. 2020 மார்ச்சில் எங்கள் லிவர்பூல் மைதானத்துக்கு வந்து கோல்கீப்பர் ஒப்லாக் புண்ணியத்தில் தாக்குப்பிடித்து, கூடுதல் நேரத்தில் எங்கள் கோல்கீப்பரின் தவறில் கோல் வாங்கிக்கொண்டு போனார்கள். இன்னும் எரிகிறது.

வலைகாப்பான்:

லொரெந்தே இரண்டு அடித்தார், மொராட்டா ஒன்று. 3-2. மூன்று கோல் அடித்த அணியைத் தற்காப்பு அணி என்கிறீர்கள்.

ஆன்ஃபீல்ட்ஆறு:

90 நிமிடம் எதுவும் செய்யாமல் மீதியில் அடித்தால் என் அகராதியில் அது தற்காப்புதான்.

பழையகாலணி:

2014 மே 17, கேம்ப் நோ. டிரா போதும் அட்லெட்டிகோவுக்கு. அரை மணி நேரத்துக்குள் கோஸ்டாவும் அர்டாவும் காயத்தோடு வெளியே, அர்டா அழுதுகொண்டே பெஞ்சில். அலெக்சிஸ் சான்செஸ் ஒரு கோல், எப்படிப்பட்ட அடி! சிமியோனேவின் ரிவர் பையன் சிமியோனேவுக்கு எதிராக. அந்த நிலையில் ஒரு தற்காப்பு கோச் என்ன செய்வார்? இடைவேளை முடிந்து வந்த அட்லெட்டிகோ நேராக பார்சிலோனா பெட்டிக்குள்தான் போனது. கபி கார்னர், கொடின் தலை, 1-1. 90 புள்ளி, சாம்பியன். எழுந்து நின்று கைதட்டியது பார்சிலோனா கூட்டம்.

நடுக்களம்:

ஒரு வாரம் கழித்து லிஸ்பன், ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக சாம்பியன்ஸ் லீக் இறுதி. கோஸ்டாவை ஒன்பதாவது நிமிடத்தில் வெளியே எடுக்கவேண்டி வந்தது. குணமாகாத தொடையோடு அவரை இறக்கியது சிமியோனேவின் மிகப் பெரிய தவறு என்று இன்றும் சொல்வேன். மாற்று ஆட்டக்காரர் ஒருவரை அங்கேயே வீணடித்தார். 83வது நிமிடத்தில் மூன்று மாற்றும் தீர்ந்துவிட்டது. கூடுதல் நேரத்தில் ஹுவான்ஃப்ரான் நொண்டிக்கொண்டே ஆடினார், டி மரியா அவர் பக்கமாகவே ஓடினார். ரமோஸ் 93வது நிமிடத்தில் அடித்ததை எல்லாரும் பேசுகிறார்கள், கோஸ்டா வீணடித்த மாற்றைப் பேசுவதில்லை.

அந்த மூன்று மாற்றுகளில் இரண்டாவதாக இறங்கியவர் ஹோசே சோசா. 2006 முடிவாட்டத்தில் ஃப்ரீகிக் அடித்தவர். சொன்னேன் இல்லையா, வருவார் என்று.

மிட்நைட்கிக்ஆஃப்:

கோஸ்டா விஷயத்தில் முழுசாக ஒத்துக்கொள்கிறேன். 2016 மிலான் இறுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிரீஸ்மான் பெனால்டி கம்பத்தில் மேலே, ஹுவான்ஃப்ரான் பெனால்டி கம்பத்தில் பக்கவாட்டில். இரண்டு இறுதி, இரண்டும் ரியலிடம். ஆனாலும் 2021 பட்டம்தான் எனக்குப் பிடித்தது. பார்சிலோனா வேண்டாம் என்று அனுப்பிய சுவாரெஸ் வந்து 21 கோல். கடைசி நாள் வயதோலித்தில், காலி மைதானம், முதலில் கோல் வாங்கி, கொர்ரெயா சமன் செய்து, சுவாரெஸ் முடித்தார். ஆட்டம் முடிந்ததும் புல்லில் உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோ கால் போட்டு அழுதுகொண்டிருந்தார். அந்த சீசன் மூன்று டிஃபெண்டர்கள் வைத்து, கர்ராஸ்கோவை விங்பேக்காக மேலே ஏற்றி ஆடினார் சிமியோனே. நான்கு நான்கு வரிசை என்கிறவர்கள் அந்த சீசனைப் பார்க்கவில்லை.

ஆன்ஃபீல்ட்ஆறு:

ஜோவாவ் ஃபெலிக்ஸை அழித்தது யார்?

மிட்நைட்கிக்ஆஃப்:

அதற்குத் தனி இழை போடுங்கள், நூறு பக்கம் போகும். என் பதில்: 120 மில்லியன் யூரோவுக்கு மேல் கொடுத்து வாங்கிய பையன், எந்த இடத்தில் ஆடுவார் என்று வாங்கும்போதே யாருக்கும் தெரியவில்லை. கோச் பிடிவாதம் பாதி, மீதி வாங்கியவர்கள் மேல்.

வலைகாப்பான்:

எனக்கு ஒரு கேள்வி. இத்தனை வருடத்தில் அர்ஜென்டினா தேசிய அணிக்கு ஏன் போகவில்லை? 2018இல் தேசிய அணி கோச் சம்பாவோலி போனபிறகு யாருமே இல்லாமல் ஸ்கலோனியைத் தற்காலிகமாகப் போட்டார்களே, அப்போது எல்லார் வாயிலும் சிமியோனே பெயர்தான்.

நடுக்களம்:

2018இல் அந்த வேலையை யார்தான் விரும்பியிருப்பார்கள்? ஆனால் அதைவிட, தேசிய அணி கோச்சுக்கு வருடத்தில் பத்துப் பன்னிரண்டு ஆட்டம். மீதி நாளெல்லாம் டிவியில் ஆட்டம் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். டச்லைனில் கையைத் தூக்கித் தூக்கிக் கூட்டத்தைக் கிளப்பும் மனிதர், தினம் காலையில் பயிற்சிக்குப் போகாமல் இருப்பாரா? இப்போது மகன் ஜூலியானோவும் அதே அணியில் வலதுபக்கம் ஓடிக்கொண்டிருக்கிறார். அப்பாவைவிட ஒரு படி மேலே ஓடுகிறார்.

பழையகாலணி:

மகன் பந்தை இழந்தால் அப்பா முகத்தைப் பாருங்கள். மற்ற பதினைந்து பேருக்குக் கிடைக்காத திட்டு அவனுக்குத்தான்.

ஆன்ஃபீல்ட்ஆறு:

அந்த 2006 முடிவாட்டம் முழுசாக எங்கேயாவது கிடைக்குமா அண்ணே? பவோனே கோலை மட்டும் பார்த்தேன், இருபது விநாடி துண்டு. சோசா ஃப்ரீகிக்குக்கு முன்னால் பெஞ்சில் இவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பார்க்கணும்.